வியர்வை தெரியாத வித்தை

சாக்ஸபோன் கலைஞர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘வைன்லைட்’ ஆல்பம் பிடிக்கும் என்று ஜாஸ் ரசிகர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சிரிப்பார்கள். பிள்ளைகள் மிட்டாய் கேட்கும்போது பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அவர்களில் தாராள மனசுக்காரர் ஒருவர், ‘கேட்க இதமா இருக்கும்’ என்று போனால் போகிறதென்று ஒத்துக்கொள்வார். அந்த ‘இதம்’ என்ற சொல்லுக்குள் பதுங்கியிருக்கும் ஏளனம்தான் என்னை இதை எழுத வைத்தது.

நோஞ்சானை எதிரே நிறுத்தி மல்யுத்தம் செய்வதில் பெருமை இல்லை. எனவே எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன்.

1980 அக்டோபரில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தில் ஆறே உருப்படிகள். ஐந்து வாத்திய இசை. ஒன்றில் மட்டும் சோல் பாடகர் பில் விதர்ஸ் பாடுகிறார். அந்த ஒன்று, ‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’, உலகத்தையே சுற்றி வந்தது. எதிர்த்தரப்பு சொல்கிறது: ஜாஸ் என்பது அந்தந்த நொடியில் பிறப்பது. தடுக்கி விழும் வாய்ப்பு இருப்பதால்தான் அதற்கு உயிர். எழுபதுகளின் இறுதியில் அமெரிக்க ஸ்டூடியோக்கள் அந்த வாய்ப்பை இல்லாமல் செய்யக் கற்றுக்கொண்டன. தவறே செய்யாத கலைஞர்கள், பிசிறில்லாத ஒலிப்பதிவு, மிதமான வேகம், மக்களுக்குத் தெரிந்த ஒரு பாடகர். இந்தக் கலவையின் வெற்றிகரமான வடிவம் ‘வைன்லைட்’. அது விற்றது. விற்றதால் நகலெடுத்தார்கள். பத்து வருடத்தில் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் ஓட்டல் லிஃப்ட்டிலும் ஒழுகிக்கொண்டிருந்த ‘ஸ்மூத் ஜாஸ்’ என்ற சமாச்சாரத்துக்கு இதுவே ஊற்று. க்ரோவர் திறமைசாலிதான். ஆனால் அணையை உடைத்துவிட்டவர் அவர்.

இது மூடத்தனமான வாதம் இல்லை. சந்தை ஒரு கலையை வழவழப்பாக்கி விழுங்கிவிடும் என்ற பயம் நியாயமானது. நானும் அந்தப் பயம் உள்ளவன். ஆனால் பயம் நியாயமானது என்பதால் கையில் அகப்பட்டவர் திருடராகிவிட மாட்டார். என் மறுப்புகள் எட்டு.

1. பேரன் வாங்கிய கடனுக்குத் தாத்தாவின் கழுத்தில் துண்டைப் போடாதீர்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் ‘தி வேவ்’ என்ற வானொலி நிலையம் இந்த வகை இசையை நாள் முழுக்க ஒலிபரப்பத் தொடங்கியது 1987 பிப்ரவரியில். ‘ஸ்மூத் ஜாஸ்’ என்ற பெயர் வானொலி வியாபாரத்தில் நிலைபெற்றது அதற்கும் பிறகு. எல்லோரும் விரல் நீட்டும் சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜியின் முதல் தனி ஆல்பமே 1982இல்தான் வந்தது. ‘வைன்லைட்’ பதிவானபோது அந்தப் பெட்டியே செய்யப்படவில்லை. பின்னால் செய்த பெட்டிக்குள் முன்னால் பிறந்ததைத் திணித்துவிட்டு, ‘பார், எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது’ என்கிறார்கள்.

ஒரு படைப்பின் குலத்தை அறிய அதன் பின்னால் வந்தவர்களைப் பார்ப்பதா, முன்னால் போனவர்களைப் பார்ப்பதா? முன்னால் பாருங்கள். 1961இல் ரே சார்ல்ஸ், சோலையும் ஜாஸையும் கூட்டல் கணக்காகவே தலைப்பில் போட்டு ஓர் ஆல்பம் வெளியிட்டார். 1966இல் கேனன்பால் ஆடர்லி ‘மெர்சி, மெர்சி, மெர்சி’யைத் தேவாலயத் தாளத்தில் வாசித்தார்; அது பொது வெற்றிப் பட்டியலுக்குள் நுழைந்தது. க்ரோவர் வளர்ந்த பள்ளி இது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் 1943இல் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வேரூன்றியவர், சார்ல்ஸ் எர்லண்ட், ஜானி ஹேமண்ட் போன்ற ஆர்கன் கலைஞர்களின் குழுவில் நின்று வாசித்துப் பழகியவர். கேட்க வந்தவர்களைத் தலையாட்ட வைக்காமல் அங்கே ஒரு ராத்திரியை ஓட்ட முடியாது. ‘வைன்லைட்’டின் பெற்றோர் அந்த மேடைகள்தான்.

வானொலியில் அதற்கு ஒரு சொந்த வீடும் இருந்தது. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் நிலையம், 1976இல் மெல்வின் லிண்ட்சியை வைத்து ‘கொயட் ஸ்டார்ம்’ என்ற இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஸ்மோக்கி ராபின்சனின் 1975 ஆல்பத்தின் பெயர் அது. மெதுவான சோல் பாடல்களும் ஜாஸும் அதில் கலந்து வந்தன. அமெரிக்காவின் பல கறுப்பின வானொலி நிலையங்கள் அந்தப் பாணியை எடுத்துக்கொண்டன. ‘வைன்லைட்’ அந்த இரவுகளின் பிள்ளை. அதை லிஃப்ட்டில் கொண்டுபோய் விட்டவர்கள் வேறு யாரோ.

2. ‘கற்பனை வாசிப்பே இல்லை’ என்பவர்கள் கேட்டது பாதிப் பாடலை.

‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’ ஆல்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. வானொலிக்காக வெட்டிய வடிவம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. வெட்டுப்பட்டது எது? பாடகரின் வரிகளை எவன் வெட்டுவான்? வாத்தியங்கள் பேசிக்கொள்ளும் நடுப்பகுதிதான் போனது. விதர்ஸ் பாடி நிறுத்தியதும் டிரினிடாட்டின் ராபர்ட் கிரீனிட்ஜ் ஸ்டீல் பானை எடுக்கிறார். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டித் தட்டி உருவாக்கிய வாத்தியம். அது குமிழ் குமிழாக மேலெழுந்து முடியும்போது க்ரோவரின் சாக்ஸபோன் வருகிறது. முதலில் விதர்ஸின் மெட்டையே தொட்டுக்கொண்டு, பிறகு அதன் ஓரங்களை இழுத்து, பிறகு கூவி, கடைசியில் பாடகருக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது.

ஸ்டீல் பான் அங்கே எப்படி வந்தது என்று குற்றம் சாட்டுபவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்களா? ஆல்பத்தை க்ரோவரோடு சேர்ந்து தயாரித்த ரால்ஃப் மெக்டொனால்ட், டிரினிடாட்டிலிருந்து ஹார்லமுக்கு வந்த ஒரு கலிப்ஸோ பாடகரின் மகன். பதின்ம வயதிலேயே ஹாரி பெலஃபான்டேயின் குழுவில் தாள வாத்தியம் வாசிக்கப் போனவர். கலிப்ஸோ, சோல், ஜாஸ் மூன்றும் அவர் வீட்டுக்குள்ளேயே சந்தித்துக்கொண்டவை. வெட்டிய பதிப்பை மட்டும் கேட்டுவிட்டு ‘இதில் ஜாஸ் எங்கே?’ என்பது, சாறு வடித்த பின் சக்கையைக் கையில் எடுத்து ‘இனிப்பு எங்கே?’ என்று கேட்பதற்குச் சமம்.

3. எளிதாகக் காதில் விழுவதெல்லாம் எளிதாகக் கட்டப்பட்டது ஆகாது.

பாடலின் அடியில் ஓடும் கார்டு வரிசையைப் பாருங்கள். டி ஃப்ளாட் மேஜர் செவன்த்தில் ஆரம்பம். அங்கிருந்து சி செவன்த். அங்கிருந்து எஃப் மைனர். பிறகு ஈ ஃப்ளாட் மைனர், ஏ ஃப்ளாட் செவன்த், மறுபடி ஆரம்பித்த இடம். பாட்டு வந்து உட்கார வேண்டிய இடம் எஃப் மைனர். நம் பாடகர் ஆதார ஷட்ஜத்தில் வந்து நிற்பாரே, அதைப்போல. ஆனால் இந்தப் பாட்டு அங்கே உட்காரும் முன்பே எழுந்துவிடுகிறது. வரும் வழியில் சி செவன்த் தன்னோடு ஓர் அந்நிய ஸ்வரத்தைக் கொண்டுவந்து ஒரு கசப்பை வைக்கிறது. போகும் வழியில் ஈ ஃப்ளாட் மைனர் இன்னொரு அந்நிய ஸ்வரத்தால் தரையைக் கொஞ்சம் நகர்த்துகிறது. வட்டம் முடிவதே இல்லை.

‘நாம் இருவர் மட்டும்’ என்று நிம்மதியாகப் பாடும் ஒரு குரலின் அடியில், நிம்மதியே கொள்ளாத ஒரு வட்டம். அந்த முரண்தான் பாடலின் மர்மம். அது வெறும் சர்க்கரையாக இருந்திருந்தால் நாற்பது வருடத்தில் கரைந்திருக்கும். கரையவில்லை. ஜப்பானிய இசைக்கலைஞர்கள் இந்தக் கார்டு வரிசையையே இந்தப் பாடலின் பெயரால் அழைக்கிறார்கள். ஷீனா ரிங்கோ 1999இல் பாடிய ‘மருனோவுச்சி சடிஸ்டிக்’ வழியாக அது அந்நாட்டுப் பாப் இசையின் அன்றாடப் புழக்கத்துக்கே வந்துவிட்டது. ஒரு நாட்டின் பாட்டுக்காரர்கள் தலைமுறை தாண்டியும் எடுத்துப் பிரித்துப் பார்க்கும் ஓர் இயந்திரத்தைப் ‘பொம்மை’ என்பவர், இயந்திரத்தைத் திறந்தே பார்க்காதவர்.

4. வியர்வை தெரியவில்லை என்றால் உழைப்பு இல்லை என்று யார் சொன்னது?

இதுதான் இந்த விவகாரத்தின் நடு நரம்பு. ஆல்பத்தின் இரண்டாவது உருப்படி ‘லெட் இட் ஃப்ளோ’. ஃபிலடெல்ஃபியா 76ers கூடைப்பந்து அணியின் ஜூலியஸ் எர்விங்குக்கு, மக்கள் ‘டாக்டர் ஜே’ என்றழைத்தவருக்கு, அது சமர்ப்பணம். க்ரோவர் அந்த அணியின் தீராத ரசிகர். 1980 மே மாதம் இறுதிப் போட்டித் தொடரில் அந்த அணி லேக்கர்ஸிடம் நாலுக்கு இரண்டு என்று தோற்றது. ஆனால் அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் எர்விங் செய்த ஒரு காரியத்தை வெற்றி தோல்வி எதுவும் அழிக்கவில்லை. ஆடுகளத்தின் கடைக்கோட்டை ஒட்டி வலதுபுறம் எம்பினார். எதிரே கரீம் அப்துல் ஜப்பாரின் நெடிய கை. எர்விங் இறங்கவில்லை. பந்தோடு பலகையின் பின்னால் மிதந்துபோய், கையை மறுபக்கமாக நீட்டி, கீழிருந்து பந்தைச் சுழற்றி வலைக்குள் போட்டார். காற்றில் அவருக்கு மட்டும் நேரம் அதிகமாகக் கொடுத்தது போலிருந்தது.

அதே வருடக் கோடையில், நியூயார்க்கின் ரோஸ்பட் ஸ்டூடியோவில் க்ரோவர் இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்தார். ‘ஓட விடு’ என்று பொருள்படும் தலைப்பை எர்விங்குக்குச் சூட்டியவருக்கு, தான் எதைத் தேடுகிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. எர்விங் மூச்சு வாங்காததால் அந்தக் கோலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எந்த நடுவரும் சொல்லவில்லை. இசையில் மட்டும் ஏன் நரம்பு புடைக்க வேண்டும், முகம் கோண வேண்டும் என்று கேட்கிறோம்?

கூட வாசித்தவர்களைப் பாருங்கள். டிரம்ஸ் ஸ்டீவ் காட், ஸ்டீலி டேனின் ‘ஏஜா’வில் சூறாவளியாக வாசித்த அதே கை. இங்கே அவர் செய்வது தாளத்தை ஒரு மயிரிழை பின்னால் சாய்த்து வைத்திருப்பது. எரிக் கேலின் கிட்டார் நாலு ஸ்வரம் பேசிவிட்டு நாலு மாத்திரை மௌனம் காக்கிறது. ரிச்சர்ட் டீயின் மின்பியானோ விளக்கைத் தணிப்பதுபோல் ஒலிக்கிறது. இருபத்தொரு வயது மார்கஸ் மில்லர் பேஸ் கிட்டாரில் துள்ளத் தெரிந்தும் துள்ள வேண்டிய இடத்தில் மட்டும் துள்ளுகிறார். நாலு பேரும் தங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கைத்தான் வாசிக்கிறார்கள். மீதி ஒன்பதை அடக்கி வைப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். கையில் வித்தை இல்லாதவன் அடக்குவதற்கு என்ன இருக்கிறது?

5. பில் விதர்ஸ் கூலிக்கு வந்த குரல் என்பது அவரைத் தெரியாதவர்களின் பேச்சு.

வெஸ்ட் வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். திக்குவாயோடு வளர்ந்தவர். ஒன்பது வருடம் கடற்படை. பிறகு விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. 1971இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பார். இப்படிப்பட்ட மனிதரை அவரோடு ஒப்பந்தம் வைத்திருந்த பெரிய இசைத்தட்டு நிறுவனமே ஒரு கட்டத்தில் முடக்கிப்போட்டது. எதைப் பாடுவது என்று சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டை மறுபடி பாடச் சொன்னதாக விதர்ஸ் பின்னாளில் கசப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1978க்குப் பிறகு 1985 வரை அவர் பெயரில் புதிய பாடல்களோடு ஓர் ஆல்பம்கூட வரவில்லை.

அந்த வறட்சியின் நடுவில், வேறொரு நிறுவனத்தின் தட்டில், வேறொருவர் பெயரின் கீழ் வந்த பாட்டு இது. பாட்டை உருவாக்கிய மெக்டொனால்டும் அவருடைய கூட்டாளி வில்லியம் சால்டரும் அதை விதர்ஸிடம் கொண்டுபோனபோது, சொற்கள் விஷயத்தில் தனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதால் வரிகளைத் தானே திருத்தி எழுத இடம் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் உண்டு. 1982இல் சிறந்த ஆர் அண்ட் பி பாடலுக்கான கிராமி மூவருக்கும் சேர்ந்தே போனது.

அவர் பாடும் முறையைக் கவனியுங்கள். 1977இன் ‘லவ்லி டே’யில் ஒரே ஸ்வரத்தைப் பதினெட்டு வினாடி பிடித்து நின்றவர் அவர். இங்கே அந்த மாதிரி வித்தை எதுவும் காட்டவில்லை. அழுது கழிக்கும் நேரம் வீண், காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று, வேலை முடிந்து வாசலில் உட்கார்ந்து சொல்லும் தொனி. சாக்ஸபோன் அதே தொனியைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே இரு தரப்பும் ஒன்றுக்கொன்று இரவல் இல்லை. பாடகர் வாத்தியக்காரரைப்போல மூச்சை எண்ணுகிறார், வாத்தியக்காரர் பாடகரைப்போல வாக்கியம் பேசுகிறார். கூட்டு முயற்சி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

6. ‘ஒரு பாட்டு, மீதி நிரப்பல்’ என்பது தட்டைத் திருப்பிப் போடாதவர்களின் தீர்ப்பு.

ஆல்பத்தின் ரசிகர்களே இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பதுதான் வேதனை. பலர் இதை விதர்ஸின் ஆல்பம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வில்லியம் ஈட்டன் இயற்றிய தலைப்பு இசையைக் கேளுங்கள். மெட்டை முதலில் ஒரு வணக்கம்போலச் சொல்லிவிட்டு, க்ரோவர் அதையே ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுகிறார். எந்த இடத்தில் கொதித்தது என்று சொல்ல முடியாது. ‘இன் தி நேம் ஆஃப் லவ்’ இங்கே சொல்லில்லாத மெட்டு. நாலு வருடம் கழித்து, 1984இல், மெக்டொனால்டின் ஆல்பத்தில் அதே மெட்டை விதர்ஸ் சொற்களோடு பாடினார். நிரப்பல் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்குள் ஒரு முழுப் பாட்டு காத்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

7. விற்றது குற்றம் என்றால் கூண்டில் இடம் போதாது.

ஆம், விற்றது. பாட்டு 1981இல் அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் மூன்று வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. ஆல்பம் ஐந்தாம் இடம் வரை ஏறியது. சரி, 1964இல் ‘ஹலோ டாலி’யைப் பாடி பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கிய லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கை என்ன செய்யலாம்? வயலின் கூட்டத்தை வைத்துக்கொண்டு காதல் மெட்டுகளை வாசித்த சார்லி பார்க்கரை? 1963இல் ஜானி ஹார்ட்மனோடு சேர்ந்து மெல்லிய காதல் பாடல்களாக ஓர் ஆல்பம் தந்த ஜான் கோல்ட்ரேனை? அந்தக் கடைசி ஆல்பத்தை இதே ஆட்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கோல்ட்ரேன் மெதுவாக வாசித்தால் ஆழம், க்ரோவர் மெதுவாக வாசித்தால் வியாபாரம். தராசு ஒன்றாக இருக்கட்டும்.

மைல்ஸ் டேவிஸைப் பாருங்கள். ‘வைன்லைட்’டில் பேஸ் வாசித்த அதே மார்கஸ் மில்லர்தான் 1981இல் மைல்ஸின் மறுவருகை ஆல்பத்திலும் வாசித்தார். 1985இல் மைல்ஸ், சிண்டி லாப்பரின் பாட்டையும் மைக்கேல் ஜாக்சனின் பாட்டையும் எடுத்து வாசித்தார். அது துணிச்சலாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ‘அவருக்கு அசல் ஜாஸும் வரும், 1988இல் ரான் கார்ட்டர், டாமி ஃப்ளானகன் எல்லாரையும் வைத்து ஓர் ஆல்பம் செய்தாரே’ என்று க்ரோவருக்கு நற்சான்றிதழ் கொடுப்பார்கள். இது புகழ்ச்சி வேடமிட்ட அவமதிப்பு. ராகம் தானம் பல்லவியும் பாடத் தெரிந்தவர் என்பதால்தான் அவருடைய துக்கடாவை மன்னிக்கிறோம் என்பதுபோல. துக்கடா நன்றாக இருந்தால் அதற்கு மன்னிப்பு எதற்கு?

8. களைப்பாற உட்கார்வதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு.

பின்னணி இசை என்ற பழியைக் கடைசிக்கு வைத்தேன். அதற்குள்தான் பெரிய அநீதி ஒளிந்திருக்கிறது. ஓட்டலில் போட்டார்கள் என்பதற்காக அது ஓட்டல் இசை ஆகிவிடுமா? எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தைத் தினமும் விடியற்காலை டீக்கடை ரேடியோவில் பாத்திரச் சத்தத்தோடுதான் கேட்கிறோம். பாத்திரம் கழுவியது நாம். குறை அந்தக் குரலில் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிது. க்ரோவர் தன் பெயரில் செய்த முதல் ஆல்பம் 1971இல் பதிவான ‘இன்னர் சிட்டி புளூஸ்’. சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் கிராஃபர்டுக்காக ஏற்பாடான பதிவு. அவரால் வர முடியாமல் போக, அங்கிருந்த க்ரோவர் அவருடைய இடத்தில் ஆல்டோ சாக்ஸபோனை எடுத்தார். நகரத்துக் கறுப்பினச் சேரிகளின் வறுமையைப் பற்றி மார்வின் கே பாடிய பாட்டுதான் தலைப்பு. அந்த ஆல்பத்தைக் குறைசொல்ல இதே விமர்சகர்களுக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் அதில் வலி இருக்கிறது. ஒன்பது வருடம் கழித்து அதே மனிதர் ஒரு சாயங்காலத்தை, ஒரு கோப்பையை, பக்கத்தில் இருக்கும் ஒருவரை வாசித்தார். உடனே விலைபோய்விட்டார் என்கிறார்கள்.

கறுப்பினக் கலைஞன் ஒன்று கதற வேண்டும், இல்லை கலகம் செய்ய வேண்டும். வேலை முடிந்து சட்டைப் பொத்தானைத் தளர்த்தி உட்கார்ந்தால் அவன் கலை செத்துவிட்டது. இதுதானே இந்த ரசனையின் உள்ளர்த்தம்? சுரங்க ஊரிலிருந்து வந்து தொழிற்சாலையில் திருகாணி முடுக்கிய ஒருவர் அமைதியாகப் பாடுவதற்கு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அமைதி அவருக்கு யாரும் சும்மா கொடுத்ததில்லை. ‘இதமா இருக்கும்’ என்ற ஏளனம் அந்தத் தூரத்தைத்தான் துடைத்துப் போடுகிறது.

விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுக்கிறேன். ஆறு உருப்படிகளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. நடுவில் ஒன்றாவது ஓடியிருக்கலாம். சிந்தசைஸர் சில இடங்களில் அந்த வருடத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கடைசி உருப்படிக்கு ‘சோக சம்பா’ என்று துணைப்பெயர் இட்டிருக்கிறார்கள். சோகம் பெயரில் உள்ள அளவுக்கு வாசிப்பில் இல்லை. இதைப் பார்த்து நகலெடுத்தவர்கள் வெளிப்பூச்சை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை விட்டுவிட்டார்கள் என்பதும் உண்மை. அவர்களுடைய தட்டுகளைத் தாராளமாகத் தூக்கிப் போடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் ‘வைன்லைட்’டின் மேல் கை வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். வானொலிப் பதிப்பு வேண்டாம், முழு ஏழு நிமிடம். எதிரே ஒருவரை உட்கார வைத்து, ஏதாவது பேசிக்கொண்டே கேளுங்கள்; பின்னணி இசைதானே. விதர்ஸ் பாடி நிறுத்துவார். ஸ்டீல் பான் ஆரம்பிக்கும். அதற்குப் பின்னால் சாக்ஸபோன் வந்து, ஓரிடத்தில் மெட்டை விட்டு மேலே ஏறும். அந்த இடத்திலும் நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தாமல் இருந்தீர்கள் என்றால், உங்கள் குற்றச்சாட்டை எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.